சைக்கிளை எங்கே வைப்பது?

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் இரண்டு சைக்கிளைத் தூக்கி மாட்டினோம். ஒன்று என்னுடையது, மற்றது மூத்த மகளுடையது. எங்கள் விறாந்தை சின்னது. மோட்டார் சைக்கிளும் அங்கேதான், பிள்ளைகள் படிக்கிற மேசையும் அங்கேதான், அரிசி மூட்டையும் அங்கேதான். இரண்டு சைக்கிளும் உள்ளே வந்துவிட்டால் வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரை போட இடமிருக்காது. சுபஹுத் தொழுகைக்கு இருட்டில் இறங்கும்போது வாப்பா இரண்டு தடவை பெடலில் காலை அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பாஸைக் கூப்பிட்டேன்.

பாஸ் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கள் சுவர் புளொக் கல், உள்ளே பொக்கு. அதனால் கொங்கிறீட் தூண் ஓடுகிற இடத்தைத் தேடிப் பிடித்து, ட்ரில்லால் துளைத்து, ரோல் பிளக் அடித்து, இரும்புக் கொக்கியை முறுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த வாப்பா கேட்டார்: "கயிறு வேணாமா தம்பி?"

பாஸ் சிரித்தார். "கயிறு என்னத்துக்கு மாமா? இது ரோல் பிளக். மாடு கட்டலாம்."

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் கயிற்றைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன். அன்று இரவு முழுக்க எனக்கு இந்தச் சைக்கிள் விஷயம்தான் மண்டையில் ஓடியது. வரலாற்று வாத்தியாரின் வியாதி அது.

முதலில் அந்த ரோல் பிளக். ரோல் என்பது ஒரு மனிதரின் பெயரில் பாதி. லண்டனில் கட்டட ஒப்பந்த வேலை செய்த ஜோன் ஜோசப் ரோலிங்ஸ். 1911இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சார விளக்குச் சாமான்களைச் சுவரில் பொருத்த வேண்டும், ஆனால் சுவரைக் காயப்படுத்தக் கூடாது என்று அவருக்கு வேலை வந்தது. அதுவரை இருந்த வழக்கம், உளியால் பெரிய குழி தோண்டி, அதற்குள் மரக்கட்டையை இறுக்கி, கட்டையில் ஆணி அடிப்பது. ரோலிங்ஸ் சணல் நாரைப் பசை போட்டு இறுக்கிச் சின்னக் குழல் ஆக்கினார். சிறிய துளைக்குள் குழலைச் செருகி ஸ்குருவை முறுக்கினால் நார் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். 1958இல் ஜெர்மன்காரர் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலோனில் செய்தார். இன்று எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைப்பது அதன் வழித்தோன்றல்தான். இரண்டும் பிடிப்பது விரிவதால்தான். விரிந்து அமுக்குவதற்கு உள்ளே திடமான ஒன்று வேண்டும். பாஸ் தூணைத் தேடியது அதற்காகத்தான். பொக்குக் கல்லிலும் வெறும் பூச்சிலும் சைக்கிளைத் தொங்கவிட்டால் ஒரு நாள் நடுச்சாமத்தில் சத்தம் கேட்கும்.

ஆனால் பிளக் என்பது எப்படித் தொங்கவிடுவது என்பதற்கு மட்டும்தான் பதில். ஏன் தொங்கவிட வேண்டி வந்தது என்பது வேறு கதை. அதைத் தேடினால் நமக்குப் பழக்கமான ஆக்களிடம் போய் நிற்போம்.

நம் பாடப் புத்தகத்தில் ஒல்லாந்தர் கறுவாவோடும் கோட்டைகளோடும் வந்து, 1796இல் கொழும்பை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். கற்பிட்டிக் கோட்டைக்கு மாணவரைக் கூட்டிப்போன ஒரு நாள் ஒரு பிள்ளை கேட்டது, "பிறகு அவங்க என்ன ஆனாங்க சேர்?" நான், "சைக்கிள் ஓட்டினாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் பாதி உண்மை. நெதர்லாந்தில் இன்று மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். ஏறத்தாழ 1.8 கோடிப் பேருக்கு இரண்டு கோடிக்கு மேல்.

அவ்வளவு சைக்கிளையும் எங்கே வைப்பது? ஆம்ஸ்டர்டாமில் இது நூறு வருடத் தலையிடி. அங்கே வாய்க்காலோரத்துப் பழைய வீடுகள் ஒடுங்கியவை, உயரமானவை. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. கட்டிலோ அலுமாரியோ அதில் ஏறாது. அதனால் வீட்டு முகப்பின் உச்சியில் ஒரு வளையை வெளியே நீட்டி, கொக்கி போட்டு, கயிற்றால் சாமானைத் தூக்கி யன்னல் வழியே உள்ளே எடுப்பார்கள். அந்தக் கொக்கிகளை இன்றும் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் தொழிலாளிகளுக்குக் கட்டிய குடியிருப்புகளிலும் அதே மாதிரி இறுக்கம்தான். தளத்துக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் பொதுவாய் ஒரு ஒடுங்கிய படி. 1920களில் சைக்கிள் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது. நிலத்தோடு இருந்தவருக்குப் பிரச்சினையில்லை. மூன்றாம் மாடிக்காரர் என்ன செய்வார்? தோளில் சுமந்து படியேறி, படிக்கட்டுச் சுவரில் கொக்கியில் மாட்டுவார். அல்லது தெருமுனைச் சைக்கிள் காப்பகத்தில் கிழமைக்கு இவ்வளவு என்று கொடுத்து விடுவார். காப்பகத்துக்கு அவர்கள் பாவிக்கும் சொல்லே குதிரை லாயத்தில் இருந்து வந்தது.

அந்தச் சைக்கிளுக்கு 1924இல் வரியும் வந்தது, வருடத்துக்கு 3 கில்டர். கட்டியதற்கு அடையாளமாய் ஒரு செம்புத் தகட்டைச் சைக்கிளில் பொருத்த வேண்டும். வேலையில்லாதவருக்குத் தகடு இலவசம், ஆனால் அதன் நடுவில் ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். தூரத்தில் வரும்போதே இவர் நிவாரணத்தில் வாழ்பவர் என்று தெருவுக்கே தெரியும். நம் உள்ளூராட்சி மன்றங்களும் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி எடுத்துத் தகடு கொடுத்தன. மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். இந்த ஓட்டை யோசனை நல்லவேளை இங்கே ஒருவருக்கும் வரவில்லை.

1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்தைப் பிடித்தது. அப்போது அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் சைக்கிள்கள் இருந்தன. 1942 ஜூனில் யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த தடைகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. டிராமில் ஏறத் தடை, சைக்கிளும் இல்லை, இனி நடைதான். அடுத்த மாதமே அவர்களை முகாம்களுக்கு ஏற்றிக்கொண்டு ரயில்கள் புறப்பட்டன. ஒரு சமூகத்தை வெளியேற்றும் முன் அதன் கால்களைத்தான் முதலில் கட்டுகிறார்கள். நான் இதை வகுப்பில் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும்.

அதே ஜூலையில் மற்ற மக்களின் சைக்கிள்களையும் ஜெர்மன் படை பறிக்கத் தொடங்கியது. உடனே ஊரெல்லாம் சைக்கிள்கள் மறைந்தன. கூரைக்குக் கீழ் அட்டத்தில் ஏற்றினார்கள். பலகைத் தரையைக் கிளப்பி அடியில் வைத்தார்கள். வைக்கோலுக்குள் புதைத்தார்கள். கழற்றித் துண்டு துண்டாய்ப் பிரித்து வைத்தவர்களும் உண்டு. இடம் போதாமல் மேலே போன சைக்கிள், இப்போது பறிகொடுக்காமல் இருக்க மேலே போனது.

1944 செப்டெம்பர் 5ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் வந்துவிட்டன என்று வதந்தி பரவியபோது, ஓடிய ஜெர்மன்காரர்கள் பலர் பறித்த சைக்கிள்களிலேயே ஓடினார்கள். ஆனால் நாட்டின் மேற்குப் பகுதி விடுபடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் உணவு வரத்து நின்றது. பட்டினியால் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். அட்டத்தில் ஒளித்துவைத்த சைக்கிள் அப்போதுதான் இறங்கியது. டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டிச் சில்லில் சுற்றினார்கள், சிலர் மரத்தால் டயர் செய்தார்கள். ஆம்ஸ்டர்டாம் பெண்கள் அந்தச் சைக்கிள்களில் பல மைல் மிதித்துக் கமக்காரர் வீடுகளுக்குப் போய், படுக்கை விரிப்பையும் நகையையும் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்கள். மேலே தூக்கி வைத்திருந்த வீட்டில் அன்று அடுப்பெரிந்தது. அந்த நாட்டார் இதை மறக்கவில்லை. ஜெர்மனியோடு கால்பந்து விளையாடும்போது, பாட்டியின் சைக்கிளைத் திருப்பித் தா என்று கேலி செய்வது பல காலம் வழக்கமாய் இருந்தது.

வாப்பாவின் கயிற்றை இப்போது சொல்லலாம்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரத்து ஆக்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். மன்னார்த் தீவில் எங்களுக்குச் சில நாள் அவகாசம் கிடைத்தது. நான் அப்போது உம்மாவின் இடுப்பில். வாப்பாவுக்கு இப்போதைய என்னைவிட வயது குறைவு. கருவாட்டு வியாபாரம். பின்னால் அகலமான கரியர் வைத்த றலி சைக்கிள் ஒன்று இருந்தது. பழசு, தவணை முறையில் காசு கட்டி எடுத்தது. வியாபாரமே அந்தச் சைக்கிள்தான்.

வள்ளத்தில் ஆக்களுக்கே இடமில்லை. பைகளும் பிள்ளைகளும் மட்டும்தான். வாப்பா சைக்கிளைக் கழுவினார். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, சீலைத் துணி சுற்றினார். டயரில் காற்றை இறக்கினார். பிறகு மீன்பிடிக் கயிற்றால் வீட்டு வளையில் தூக்கிக் கட்டினார். பனை வளை. மழை வெள்ளம் வந்தாலும் படாத உயரம், ஆடு மாடு உரசாத உயரம். உம்மா சொல்லுவா, "ஊரே அழுதிட்டு நிக்கிது, இவர் சைக்கிளுக்கு முடிச்சுப் போட்டுட்டு இருந்தார்." இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்று வாப்பா நினைத்திருந்தார். கதவைப் பூட்டித் திறப்பை உம்மாவிடம் கொடுத்தார். கடல் வழியே கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம்.

இரண்டு கிழமை பன்னிரண்டு வருடமானது. 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது வாப்பா இரண்டு கூட்டாளிமாரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவர் நின்றதாம். ஓடு இல்லை. கூரை இல்லை. உம்மா என்னவெல்லாமோ கேட்டா. வாப்பா, "வளையைக் காணல்ல" என்று மட்டும் சொன்னார். சைக்கிளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று நான் கேட்டதற்கு, "யாரோ ஒரு இல்லாதவன் தன்ட கொட்டிலுக்குக் கழட்டியிருப்பான் மகன்" என்றார். அந்தக் கதை அதோடு முடிந்தது. கயிற்றை மட்டும் அவர் மறக்கவில்லை என்று போன சனிக்கிழமைதான் எனக்கு விளங்கியது.

புத்தளத்து முகாம் வாழ்க்கையில் சைக்கிள் வெளியேதான் நின்றது. கிடுகுக் கொட்டிலின் கூரையில் ஒரு அரிக்கன் லாம்பைத் தொங்கவிடலாம், சைக்கிளைத் தொங்கவிட ஏலாது. தென்னையில் சங்கிலி போட்டுக் கட்டுவோம். உப்பளக் காற்றில் ஆறு மாதத்தில் ரிம் கறள் பிடிக்கும். பிறகு வந்த வீட்டுத் திட்டத்திலும் இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி என்றுதான் வரைபடம். அந்த வீட்டில் குடியேறிய எல்லாரிடமும் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அதற்கு வரைபடத்தில் ஒரு முழ இடமில்லை.

ஒல்லாந்தர் இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போருக்குப் பின் கட்டிய குடியிருப்புகளில், வீட்டுக்கு ஒரு களஞ்சிய அறை வேண்டும் என்று கட்டட விதி வந்தது. சைக்கிள் போய் நிற்கிற அறை அதுதான். 2003இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். கட்டுகிறவர் தானாகவே வைப்பார் என்ற நம்பிக்கை போலும். கட்டுகிறவர் எந்த ஊரிலும் கட்டுகிறவர்தானே. 2012இல் விதியைத் திரும்பவும் போட்டார்கள்.

இனி மகளின் சைக்கிள். அது ஜப்பானில் பாவித்து வந்தது. இப்போது நம் கடைகளில் அப்படிப்பட்டவை நிறைய. முன்னால் கூடை, கனமான சட்டம், தூக்கினால் இருபது கிலோ வரும். சட்டத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மகள் அதை அழகுக்கு ஒட்டியது என்று நினைத்திருந்தாள். அது பதிவு ஸ்டிக்கர். அங்கே 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் பொலிஸ் பதிவில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம் வந்த காரணம், சைக்கிள்கள் அங்கே குப்பை மாதிரிக் குவிந்ததுதான். 1970களில் தோக்கியோவைச் சுற்றிப் புறநகரங்கள் பெருத்தன. வீட்டில் இருந்து ரயில் நிலையம் வரை சைக்கிள், அங்கே விட்டுவிட்டு ரயில். நிலைய வாசல்களில் ஆள் நடக்க இடமில்லை. அம்புலன்ஸ் போக முடியாது. பத்திரிகைகள் இதைச் சைக்கிள் மாசு என்று எழுதின. 1980இல் தனிச் சட்டம் வந்தது. கண்ட இடத்தில் விட்டதை அள்ளிக்கொண்டு போகவும், நிறுத்த இடம் கட்டவும் நகர சபைகளுக்கு வழி கிடைத்தது. நிலம் தீ விலை, ஆகவே இரண்டு அடுக்குச் சட்டகங்கள் பெருகின. மேலே வழியில்லாத இடத்தில் கீழே தோண்டினார்கள். தோக்கியோவின் கசாய் நிலையத்தில் 2008இல் திறந்த நிலத்தடிக் காப்பகத்தில் 9,400 சைக்கிள் வைக்கலாம். அதில் 6,480 இயந்திரக் கோபுரங்களில். கோபுரம் ஒன்றுக்கு 180 வீதம் 36 கோபுரம். வாசலில் சைக்கிளை விட்டால் இயந்திரக் கை எடுத்துக்கொண்டு போய்ச் செருகும், அட்டையைக் காட்டினால் அரை நிமிடத்துக்குள் திருப்பித் தரும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தில் இயந்திரக் கை இல்லை. 2017இல் ஒரு பகுதியையும் 2019இல் முழுவதையும் திறந்தார்கள். மூன்று தளம், 12,500 சைக்கிள், உலகிலேயே பெரியது. சைக்கிளில் இருந்து இறங்காமலே உள்ளே ஓட்டிப் போகலாம். முதல் 24 மணித்தியாலம் இலவசம். பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் தண்டவாளம் வெளியே இழுபட்டு நிலத்தை நோக்கிச் சரியும், சில்லை அதில் ஏற்றித் தள்ளினால் வாயு அடைத்த ஒரு தண்டு பாரத்தில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். அப்படியிருந்தும் வயதானவருக்கும் பிள்ளைகளுக்கும் மேலடுக்கு கஷ்டம்தான். பற்றரிச் சைக்கிள் இன்னும் பாரம். கீழடுக்கு விடிய விடிய நிரம்பிவிடும், மேலடுக்கு பிந்தி வருகிறவருக்கு.

ஒல்லாந்தரிடம் நான் கற்ற சின்ன உத்தி ஒன்று. சைக்கிளில் இடம் பிடிப்பது சில்லு இல்லை, ஹேண்டில். அது இரண்டு அடி அகலம். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தினால் சைக்கிளுக்கு 65 சென்ரிமீற்றர் வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றின் முன்சில்லை ஏறத்தாழ ஒரு அடி உயர்த்தி வைத்தால் ஹேண்டில்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் விலகிவிடும், 37.5 சென்ரிமீற்றர் போதும். எங்கள் பாடசாலைச் சைக்கிள் கொட்டில் 30 அடி நீளம். பழைய முறையில் 14 நிற்கும். மீதிப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே விடுவார்கள். அங்கே போன வருடம் இரண்டு சைக்கிள் களவு போனது. ஒன்று, வாப்பா இல்லாத பிள்ளையுடையது. அது ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. வாகனத் தரிப்பிடத்துக்காகக் கொட்டிலைக் கழற்றுவோம் என்ற பேச்சும் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. பழைய மாணவர் ஒருவர் வெல்டிங் வேலை செய்கிறார். மிஞ்சிய ஜீஐ குழாயில் உயரமும் தாழ்வுமாய்ச் சட்டகம் அடித்துத் தந்தார். இப்போது அதே 30 அடியில் 24 நிற்கிறது. களவுபோன பிள்ளைக்கு ஒரு பழைய சைக்கிள் தேடிக் கொடுத்தோம். அதுவும் உள்ளேதான் நிற்கிறது. கொட்டில் இன்னும் கழரவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பா கடைத்தெருவுக்குப் போய் வந்தார். கையில் நான்கு யார் நைலோன் கயிறு. பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று, மகளின் சைக்கிளைக் கொக்கியோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார். பக்கத்தில் நின்ற மகளுக்கு அதை எப்படி அவிழ்ப்பது என்று இரண்டு தடவை காட்டிக்கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.